லிஃப்ட்காரருக்குப் பாட்டு கொடுத்தது யார்?

மாடிவீட்டு லிஃப்ட்காரர் புதுசு புதுசாகப் பாட்டு கேட்க ஆரம்பித்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மனுஷன் ஐம்பதைத் தொடப் போகிறார். அந்த வயதில் ஆண்களுக்குத் தொந்தி மாறும், கண்ணாடி மாறும், ஆல்டரேஷனுக்கு என்னிடம் கொண்டுவரும் பேண்ட்டின் இடுப்பளவு மாறும். பாட்டு ரசனை மாறாது. இருபது வயதில் எந்தப் பாட்டுக்குத் தலையாட்டினாரோ அதற்கேதான் அறுபதிலும் ஆட்டுவார். அப்படியும் மாறுகிறதென்றால் யாரோ மாற்றிவிடுகிறார்கள் என்று அர்த்தம்.

என் தையல் மெஷின் கீழ்வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது. படிக்கட்டில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என் கண்ணில் படாமல் போக முடியாது. வேவு பார்ப்பதற்காக அங்கே போடவில்லை, வெளிச்சத்துக்காகப் போட்டது. வெளிச்சம் வந்தால் மற்றதும் தெரியத்தானே செய்யும்?

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஆஸ்பத்திரி, ஆபீஸ், ஓட்டல் என்று ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் அவர் புண்ணியத்தில் ஏறி இறங்குகின்றன. எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் 'பழுது' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் அவரும் படியில் இறங்க வேண்டியிருக்கிறது, நானும் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் அவர் இறங்கினால் சாவிக்கொத்துச் சத்தம் மட்டும் கேட்கும். இப்போது காதை மூடி ஒரு பெரிய ஹெட்போன். ஒருநாள் பாதிப் படியில் நின்றுவிட்டார். கண் மூடியிருக்கிறது, கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நெஞ்சுவலிதான் என்று கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"என்ன தம்பி, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லக்கா. இந்த இடத்துல ஒரு வயலின் வரும். அது போகட்டும்னு நின்னேன்."

வயலினுக்கு வழிவிட்டு நிற்கும் லிஃப்ட் மெக்கானிக்கை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"யாரு வாசிக்கிறது?"

"'ஈர அலமாரி'ன்னு ஒரு குரூப்புக்கா. ஆர்ட் ராக்னு ஒரு வகைப் பாட்டு. இப்பதான் கண்டுபிடிச்சேன். இதுக்கு முன்னாடி 'செவ்வாய்க்கிழமை மாமா'ன்னு ஒருத்தர், அவரு இண்டி ஃபோக். கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது. வீட்டுலயே கிட்டாரை வச்சுப் பாடி, அவரே வெளியிட்டுக்கறாரு."

பெயர்களைக் கேட்டீர்களா? ஒழுங்கான குடும்பத்துக்குள் நுழைகிற பெயர்களா இவை? "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். 'கண்டுபிடிச்சேன்' என்று அவர் சொன்ன விதம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. சொல்லும்போது கன்னம் சிவந்திருந்தது.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்துப் பழகிய கண். போலிச் சீட்டு கடை வாசலைத் தாண்டும்போதே மோப்பம் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் தன் வெள்ளைக் கோட்டின் பாக்கெட் கிழிந்துவிட்டதென்று என்னிடம் வந்தாள். பாக்கெட் கிழியவில்லை. தையல் பிரிக்கப்பட்டிருந்தது. பேச வந்தவளுக்கு ஒரு சாக்கு வேண்டுமே.

"அக்கா, நீங்க தப்பா நினைக்கக் கூடாது. அவரு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பும்போது பாத்தீங்களா?"

"ஓவர்டைம் போறாரே, அதுவா?"

"ஓவர்டைம்னுதான் சொல்றாரு."

நான் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே மெதுவாக விட்டேன்: "டூல் பேக் இல்லாம எந்த ஊர்லம்மா ஓவர்டைம் பாக்கறாங்க? மத்த நாளெல்லாம் தோள் இறங்கிப் போற அளவுக்குத் தூக்கிட்டுப் போறவரு, சனிக்கிழமை மட்டும் கைய வீசிட்டுப் போறாரு. சட்டை வேற இஸ்திரி போட்டது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கண்டதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

"எங்கிட்ட பாட்டைப் பத்திப் பேசறதே இல்லக்கா. நான் ரூமுக்குள்ள போனா ஹெட்போனைக் கழட்டி ஒளிக்கிறாரு. தனியா இருக்கும்போது சிரிச்சுக்கறாரு. இந்தப் பாட்டெல்லாம் அவருக்கு யாரு சொல்றா? சொல்லுங்க. அவரா தேடிப்பிடிக்கிற ஆளா? வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷன்!"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"எவளோ ஒருத்தி இருக்கா. இருக்கான்னு தெரிஞ்சுட்டா நான் ஒரு நாள் இங்க இருக்க மாட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். வந்துரு, ரூமைக் காலி பண்ணி வைக்கறேன்னு சொல்லிட்டான். இந்தச் சனிக்கிழமை சாயந்தரம் போன் பண்ணி வரேன், வரலன்னு சொல்லணும்."

அவள் வெறும் மிரட்டலுக்குச் சொல்கிறவள் இல்லை. இத்தனை வருஷத்து வாழ்க்கையைச் சனிக்கிழமை சாயங்காலத்தின் மேல் வைத்துவிட்டாள். குழந்தை இல்லாத வீடு. பிடித்து நிறுத்த வேறு கயிறும் கிடையாது.

அப்புறம் எங்கள் விசாரணை தொடங்கியது. அவர் குளிக்கப் போகும் நேரத்தில் போனில் என்ன பாட்டு நிற்கிறதென்று பார்த்துக்கொள்வாள். அதையே தன் போனில் தேடி எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகும் வழியில் என் வீட்டில் இறங்குவாள். நான் மெஷினை நிறுத்திவிடுவேன். இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு, குற்றவாளியைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து கேட்போம்.

முக்கியக் குற்றவாளி 'நண்டுக்கரை' என்ற பெயரில் பாடும் ஒரு பெண். கிட்டாரைத் தட்டித் தட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் ரகசியம் சொல்கிற குரலில் பாடுகிறாள். 'உன் ஈரக் குடையை என் வாசலில் விட்டுப் போ' என்று ஒரு வரி.

"எந்த வாசல்?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"அதானே. நம்ம கட்டடத்துல குடையைத் தொலைச்சுட்டு வந்தவரு யாரு? போன மழையில உன் வீட்டுக்காரர் நனைஞ்சுக்கிட்டே வந்தாரே!"

"அக்கா!" என்று என் கையைப் பிடித்தாள்.

மறுபடி போட்டோம். மறுபடியும். கடைசியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் விடுகிற வழியாக இல்லை. ஒரு கட்டத்தில் விரலை உயர்த்தினாள்.

"இங்க நிறுத்துங்க. இந்தப் பொண்ணு தனியா பாடலக்கா. மூணாவது அடி முடியற இடத்துல வேற ஒரு மூச்சு இருக்கு. இன்னொரு ஆள் அந்த ரூம்ல உக்காந்திருக்கு. நாற்காலி லேசா கிரீச்சுங்குது பாருங்க."

எனக்கு ஒரு மூச்சும் கேட்கவில்லை, ஒரு கிரீச்சும் கேட்கவில்லை. ஆனால் சந்தேகம் பிடித்த மனைவியின் காது எப்படிப்பட்டது என்று அன்றைக்குப் புரிந்தது. அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர்களே அத்தனை கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் இறங்கினார். நீல நிறச் சட்டை, இஸ்திரி, கையில் போன் மட்டும். தெருமுனை திரும்பும்வரை விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். யாராவது கேட்டால் சொல்வதற்காக நான் ஒரு பையில் இரண்டு பேண்ட்டைத் திணித்து எடுத்துக்கொண்டேன். துணி டெலிவரி என்றால் எந்தத் தெருவுக்கும் போகலாம்.

அவர் பேக்கரியைத் தாண்டினார், வங்கியைத் தாண்டினார், ஒரு டிரைவிங் ஸ்கூலின் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது ஒரு பெண். நரைத்த தலையை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். லிஃப்ட்காரரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தோளில் தட்டி உள்ளே கூட்டிப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மருந்துக்கடைக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இவருக்கு வண்டி ஓட்டத் தெரியும்க்கா."

"தெரியும்."

"லைசென்ஸ் இருக்கு."

"இருக்கு."

"அப்போ டிரைவிங் ஸ்கூல்ல இவருக்கு என்ன வேலை?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் அவள் தெருவைக் கடந்து கதவைத் தள்ளிவிட்டாள். நான் பேண்ட் பையோடு பின்னால் ஓடினேன். இப்படி ஒரு கட்டத்தை நேரில் பார்க்காமல் வாழ்ந்து என்ன பிரயோஜனம்?

உள்ளே பாடம் நடத்துகிற அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீட்டுப் படங்கள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். பேக்கரிக்காரர் மாவு ஒட்டிய ஏப்ரனோடு இருந்தார். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. வரி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், அவரை எனக்குத் தெரியும், அவர் கோட்டின் உள்துணியை நான்தான் மாற்றினேன். நடுவில் மேஜை மேல் ஒரு ஸ்பீக்கர். எல்லாரும் ஒரு பாட்டை, மூச்சு விடாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்ட்காரர் எங்களைப் பார்த்தார். இறங்கிக்கொண்டிருக்கும் லிஃப்டின் கயிறு அறுந்தால் மனுஷன் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆயிற்று.

மருந்துக்கடைக்காரி வாயைத் திறந்தாள். நரைத்தலைக்காரி உதட்டில் விரல் வைத்து, காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளைக் காட்டினாள். அவள் தலைக்கு மேலே 'ஹாரன் அடிக்காதே' படம் வேறு. சண்டைக்கு வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். நான் அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததை நேரில் பார்க்க என் குடும்பத்தில் ஒருவரும் அங்கே இல்லாமல் போனது துரதிர்ஷ்டம்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அங்கே சட்டமே அதுதானாம். பிடித்ததா என்று சொல்லக் கூடாது, என்ன கேட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். பேக்கரிக்காரர் 'பின்னால ஒரு கெட்டில் கொதிக்குது' என்றார். குமாஸ்தா 'மேளம் நடுவுல தயங்குது' என்றார். வரிசை என்னிடம் வந்துவிட்டது.

"வெளிய ஒரு ஸ்கூட்டர் ரெண்டு தடவை நின்னு போச்சு," என்றேன். "ரெண்டு தடவையும் அதே ஸ்கூட்டர்."

அவர்கள் சிரிக்கவில்லை. ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"நீங்க யாரு?" என்று நரைத்தலைக்காரி மருந்துக்கடைக்காரியைக் கேட்டாள்.

"நான் அவரு வீட்டுக்காரி." கத்திமுனையில் வைத்துத்தான் சொன்னாள்.

அறையே எழுந்துவிட்டது. நிஜமாகவே எழுந்து நின்றார்கள்.

"ஐயோ, நீங்கதானா அது!" என்றாள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண். "லிஃப்ட் சார், ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

"மேடம், 'ஈர அலமாரி'யை எங்களுக்குக் குடுத்தது நீங்கதான்," என்றார் பேக்கரிக்காரர். "அன்னிக்கு ராத்திரி மாவு பிசைஞ்சுகிட்டே அழுதுட்டேன். உங்களைப் பாக்கணும்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்!"

மருந்துக்கடைக்காரி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

நரைத்தலைக்காரிதான் விளக்கினாள். "இங்க ஒரு வழக்கம் மேடம். போன் தானா தள்ளிவிடற பாட்டை இங்க கொண்டுவரக் கூடாது. யாரோ ஒரு ஆள் உங்களுக்குக் குடுத்திருக்கணும். அது யாருன்னு சொல்லித்தான் பாட்டைப் போடணும். சார் ஒவ்வொரு தடவையும் 'என் வீட்டுக்காரி குடுத்தா'ன்னு சொல்லுவாரு. உங்களுக்கு என்னா காதுன்னு நாங்க பேசிக்காத வாரம் கிடையாது. அந்தக் குடைப் பாட்டு இருக்கே, அந்த ரூம்ல இன்னொரு ஆள் இருக்கறாங்களா இல்லையான்னு எங்களுக்குள்ள ஒரே தகராறு. நீங்களே சொல்லிருங்களேன்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் 'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லிஃப்ட்காரரின் மானம் அந்த அறையிலேயே கப்பலேறும். அண்ணன் வீடும் அவளுக்காகக் காத்திருக்கிறது. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்காங்க," என்றாள் மருந்துக்கடைக்காரி. "மூணாவது அடி முடியற இடத்துல மூச்சு கேக்குது. நாற்காலி ஒரு தடவை நகருது. பாடறவ அதுக்கப்புறம்தான் குரலைத் தணிக்கிறா. அந்த ஆள் எழுந்து போயிருவாங்களோன்னு பயந்து தணிக்கிறா."

குமாஸ்தா 'சொன்னேன்ல!' என்று தொடையில் தட்டிக்கொண்டார். லிஃப்ட்காரர் தலையை நிமிர்த்தி மனைவியை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"ஆனா அதை நான் குடுக்கல," என்றாள் அவள். "அவரு போன்ல இருந்து திருட்டுத்தனமா எடுத்துக் கேட்டேன். இவருக்கு எவளோ பாட்டு குடுக்கறான்னு நினைச்சுக் கேட்டேன். அதான் அவ்வளவு நல்லா காதுல விழுந்தது."

பேக்கரிக்காரர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ சாருக்கு யாரு குடுத்தா?" என்றாள் நரைத்தலைக்காரி மெதுவாக.

"யாரும் குடுக்கல," என்றார் லிஃப்ட்காரர். "மெஷின் ரூம்ல தனியா உக்காந்து சாப்பிடுவேன். அப்ப போன்ல தேடித் தேடிக் கேப்பேன். இங்க வந்தப்ப ஆள் பேரைச் சொன்னாத்தான் விடுவீங்கன்னு சொன்னீங்க. எனக்குக் குடுக்க ஆள் யாரும் இல்ல. அதான் இவ பேரைச் சொன்னேன்."

நரைத்தலைக்காரிக்கும் தர்மசங்கடம்தான். இருந்தாலும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்குச் சிவப்பு விளக்கு என்றால் சிவப்பு விளக்கு. "சார், வழக்கத்தை மாத்த முடியாது. இன்னிக்கு நீங்க கொண்டுவந்ததைப் போட முடியாதே" என்றாள்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரிக்கு நிஜமான கோபம் வந்தது. புருஷன் மேலில்லை, நரைத்தலைக்காரி மேல்.

"ஏங்க, சீட்டை எவன் எழுதினா என்ன? மருந்து கவுண்டர் வழியா வந்தாப் போதும்ல? இவரு எனக்குக் குடுக்கட்டும். நான் உங்களுக்குக் குடுக்கறேன். ஆள் கைக்கு ஆள் கை மாறியாச்சு. போடுவீங்களா மாட்டீங்களா?"

நரைத்தலைக்காரி சுற்றிப் பார்த்தாள். பேக்கரிக்காரர் அவளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். சரி என்று கையை விரித்தாள். லிஃப்ட்காரர் எழுந்து வந்து போனை மனைவியின் கையில் கொடுத்தார். அவள் பாட்டின் பெயரைப் பார்க்காமலேயே அழுத்தினாள். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். ஒருவன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு, ஏதோ ஒரு ரயில் வராததைப் பற்றிப் புலம்பினான். நான் பாட்டைக் கேட்கவில்லை, அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது அவர்கள் முன்னால், நான் பின்னால். ரொம்பப் பின்னால் அல்ல.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றாள் அவள்.

"முதல் தடவை ஹால்ல போட்டேன். நீ என்ன சொன்ன? உன் அண்ணன், அண்ணி எல்லாரும் உக்காந்திருக்கும்போது, 'இந்தப் பூனைக்கு ஜலதோஷமா'ன்னு கேட்ட. எல்லாரும் சிரிச்சாங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"எனக்கும் தெரியும். ஆனா அதுக்கப்புறம் போடத் தோணல."

"அதுக்காக ஓவர்டைம்னு பொய் சொல்லுவீங்களா? நான் என்னென்ன நினைச்சேன் தெரியுமா?"

"என் பாட்டுக்கு உன் பேரைச் சொல்லி, அவங்க உன்னைப் புகழ்ந்தா எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நீ நிஜமாவே குடுத்த மாதிரி இருந்துச்சு."

கட்டட வாசலில் அவள் போன் அடித்தது. அண்ணன். நான் சாவியைத் தேடுவது போல நின்றேன். தேடுவது போலத்தான்.

"ரூமா? இல்லண்ணா, வேண்டாம். நான் வரல." கொஞ்சம் நிறுத்தினாள். "எவளும் இல்ல. ஆனா பொய் சொன்னது பொய்தான், அதை நான் சும்மா விடப் போறதில்ல. அது எங்க வீட்டுல. நீ தலையிடாத."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களும்தான். கோட்டுப் பாக்கெட் ஆனதும் சொல்லுங்க, வந்து வாங்கிக்கறேன். மத்தது வேண்டாம்."

இதுதான் கைம்மாறு. நான் காது அடைக்கக் காது அடைக்கக் கேட்டேன், பேண்ட் சுமந்து தெருத்தெருவாக நடந்தேன், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது மேலே கதவு சாத்திக்கொள்கிறது!

என் கூரைதான் அவர்கள் தரை. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் ஆரம்பித்தது. நான் மெஷினை நிறுத்தினேன். 'முதல்ல எங்கிட்ட...' என்பது வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்குள், கீழே நான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன் என்பது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. தட் தட்டென்று நடந்து போனாள், ஸ்பீக்கரைத் திருகினாள். தகர டப்பாக்காரன் ரயிலோடு வந்து என் கூரையெல்லாம் நிறைந்துவிட்டான்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஸ்டூலின் மேல் ஏறி நின்று கேட்கிறேன். கிட்டார் கேட்கிறது, டப்பா கேட்கிறது, இரண்டாவது அடியில் ஒரு வயலின்கூட மெல்ல வருகிறது. அதற்கு அடியில் இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒருவர் நிறையப் பேசுகிறார், அது அவர்தான், சத்தியமாக அவர்தான். என்ன பேசுகிறார் என்றுதான் பிடிபடவில்லை. பாட்டு முடிந்ததும் கேட்டுவிடலாம் என்று பார்த்தால், முடிகிற நேரத்தில் யாரோ ஒருவர் மறுபடியும் முதலிலிருந்து போட்டுவிடுகிறார்கள்.